மெரூன் புள்ளி

ஜனவரி 19, வியாழன்

மருந்துக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. வழக்கமாக என் மனைவி சம்பூர்ணம் பிடுங்கிக்கொண்டு போய் அதில் சர்க்யூட் கிறுக்குவாள். இந்த வருஷம் அவள் ஊரில் இல்லை. சும்மா கிடப்பானேன் என்று நான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு ஈரோட்டில் தன் தங்கை கோமதி வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. கோமதிக்கு முட்டி வலியாம். அந்த முட்டி வலி எங்கள் கல்யாணத்தன்றே இருந்தது. இந்த வருஷம்தான் அதற்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது போலும்.

போகட்டும். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி. எண்பதுகளில் வீட்டு டி.வி.யில் செருகி ஓட்டிய கம்ப்யூட்டர் ஒன்று செத்துக் கிடக்கிறது. அதை மேடையில் நான் உயிரோடு ஓட்டிக் காட்ட வேண்டும். நான் என்றால் 'சிலிக்கான் சிகாமணி' யூடியூப் சேனலின் தெய்வசிகாமணி. போஸ்டரில் என் படம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தொப்பை தெரிகிறது.

மிஷினைக் கொண்டுவந்தவள் ரேணுகாதேவி. அவளுடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ருக்குமணி இருக்கிறார், நடமாட்டம் இல்லை.

"அப்பா அதுல அம்மா பேர டி.வி.ல மினுக்க வெச்சுக் காட்டுவாருங்க சார். அம்மாவுக்கு அத ஒரு தடவ பாத்துட்டாப் போதுமாம். வீல்சேர்லயே கூட்டியாந்தறேனுங்க" என்றாள்.

பாத்துக்கலாம்மா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஜனவரி 21, சனி

சுவிட்சைப் போட்டால் கருந்திரை. வேறு ஒன்றும் இல்லை.

சம்பூர்ணம் போவதற்கு முன் இதில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறாள். எட்டு மெமரி சிப்பையும் சால்டர் என்கிற ஈயப் பற்றை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் கழற்றி மாட்டச் சாக்கெட் வைத்திருக்கிறாள். சுத்தமான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கை வேலை. மூளை வேலை என் பங்குக்கு மிச்சம் இருக்கிறது.

அவளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. கம்ப்யூட்டரைத் தொடும் முன் கரண்டு வரும் பவர் பெட்டியை மீட்டரில் வைத்து அளக்க வேண்டும். அதுவும் பெட்டியை நன்றாகச் சூடாக விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஐந்து வோல்ட்டுக்கு மேல் போனால் மெமரி சிப்புகளை வறுத்துவிடுமாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது மாதிரி. அந்தக் காலத்தில் ஷோரூமில் முன்னால் நின்று நான் கம்ப்யூட்டர் விற்பேன், பின்னால் சர்வீஸ் அறையில் அவள் உட்கார்ந்து திறப்பாள். எங்கள் கல்யாணமே அப்படி ஆனதுதான். அன்றிலிருந்து இந்தத் தேங்காயை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று அளக்கலாம் என்று எடுத்தேன். மீட்டரில் பேட்டரி இல்லை. வாங்க வேண்டும். பெட்டியின் சிவப்பு விளக்கு நன்றாகத்தான் எரிகிறது.

சேனலில் கமெண்ட் பார்த்தேன். 'சார், அந்த வளையல் கையை ரெண்டு வாரமா காணோமே?' என்று ஒருவன். அதற்கு நாற்பது பேர் லைக். கேமராவை நான் பிடிப்பதால் மீட்டர் முனையை அவள் பிடிப்பாள். அவ்வளவுதான் விஷயம். எது பழுது என்று சொல்வது என் குரல். அவள் என் காதோடு சொன்னதை நான் உரக்கச் சொல்வேன். இதில் கைக்கு என்ன ரசிகர் மன்றம்?

ஜனவரி 23, திங்கள்

தோசை மாவு புளித்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டுமாம். யார் சொன்னார்கள் எனக்கு?

ஜனவரி 25, புதன்

மெமரி சிப்தான் பழுது என்று முடிவு செய்தேன். எட்டும் நல்லதாக இருந்தால்தான் மிஷின் ஓடும், ஒன்று போனாலும் கருந்திரை. வீட்டில் ஸ்பேர் சிப் பெட்டி நிறைய இருக்கிறது. அங்கேதான் வம்பு.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். சம்பூர்ணம் ஒரு சிப்பைச் சோதித்து நல்லது என்று கண்டால் அதன் தலையில் நகப்பாலிஷால் ஒரு மெரூன் புள்ளி வைப்பாள். புள்ளி இல்லாதது சந்தேகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பழக்கம். அவள் நகத்தில் நகப்பாலிஷ் பார்த்ததே இல்லை, எல்லாம் சிப் தலைக்குத்தான் போகும். வீடியோவில் அது அம்மை போட்ட மாதிரி அசிங்கமாகத் தெரிகிறது. போகிப் பண்டிகைக்கு முன்னால் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் வாங்கி வந்து பெட்டி முழுக்கத் துடைத்தேன். கறுகறுவென்று, புத்தம் புதிதாக. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். காபி போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை கூடச் சரியாக இருந்தது. மறுநாள் காலை ஈரோட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 27, வெள்ளி

எட்டு எட்டாக மாற்றி மாற்றிப் போட்டேன். எந்த எட்டைப் போட்டாலும் கருந்திரை. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது, ஆள்காட்டி விரலில் கொப்புளம். இத்தனை வருஷமாக வீட்டில் குப்பையைச் சேர்த்துவைத்திருக்கிறாள். ஒரு சிப்கூட உருப்படி இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கூடமே கோணல்தான்.

பேட்டரி வாங்க மறந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 29, ஞாயிறு

வேறு வழியில்லாமல் போன் செய்தேன். கோமதிதான் எடுத்தாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எந்த முட்டிங் மாமா?" என்றாள். பிறகு சம்பூர்ணம் வந்தாள்.

"சொல்லுங்."

"ரேணுகாதேவி மிஷின் படுத்துது. கருந்திரை."

"பவர் பெட்டிய அளந்து பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"எவ்வளவு காட்டுச்சுங்?"

"அஞ்சு."

"சூடான பொறவு?"

"அப்பவும் அஞ்சுதான். எனக்குத் தெரியாதா? நான் என்ன இன்னிக்கா இதப் பாக்கறேன்?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்புடின்னா மெமரிதானுங். எட்டையும் மாத்தீருங்க. நம்ம பெட்டியில புள்ளி வெச்சதாப் பாத்து..." என்றவள் நிறுத்திவிட்டாள்.

சாப்டீங்களா என்று கேட்பாள் என்று நினைத்தேன். வெச்சுடறேனுங் என்றாள்.

அளக்காமலே அளந்தேன் என்றது பொய் இல்லை. அளந்தால் அஞ்சுதான் காட்டப்போகிறது.

பிப்ரவரி 1, புதன்

பரணில் அவளுடைய சொந்த மிஷின் இருக்கிறது. ரேணுகாதேவியுடையதும் அதுவும் ஒரே மாடல். கல்யாணத்தில் கிரைண்டர், பீரோவோடு சீர்வரிசையாக வண்டியிலிருந்து இறங்கியது. எங்கள் பெரியம்மா அதைத் தையல் மிஷின் என்று நினைத்து மூடியைத் திறக்கப் பார்த்தார். அப்போதெல்லாம் சம்பூர்ணம் சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பிறகு வீடு, வாசல், என் அம்மாவின் வைத்தியம் என்று ஆகி அது மேலே போய்விட்டது. ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்குவாள், துடைப்பாள், போட்டுப் பார்ப்பாள், பொட்டு வைப்பாள், ஏற்றிவிடுவாள்.

இன்று இறக்கினேன். திறந்தால் எட்டு சிப், எட்டிலும் மெரூன் புள்ளி. இதில் துடைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும் திருப்பி மாட்டிவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வீட்டில் இருப்பதை அந்த வீட்டுக்காரன் எடுப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

பிப்ரவரி 2, வியாழன்

காலையில் எட்டையும் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

நீலத் திரை! மேலே இரண்டு வரி எழுத்து, கீழே மினுங்கும் சின்னக் கட்டம். கை தட்டினேன், வீட்டில் தனியாக. அவ்வளவு சந்தோஷம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 'நண்பர்களே, கடைசியில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே இருந்தேன். ருக்குமணியம்மா கதையைச் சொல்லி, அதைக் கொஞ்சம் உருக்கமாக ஆக்கி, மறுபடி ஒருதரம் முதலிலிருந்து எடுத்தேன். அதற்குள் திரையில் கோடு கோடாக என்னமோ வந்தது. பிறகு எழுத்துக்கள் குப்பையாகச் சிதறின. பிறகு கறுப்பு.

அடுப்பில் பிளாஸ்டிக் பட்ட மாதிரி வாசனை. பவர் பெட்டியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

எட்டையும் கழற்றி வரிசையாக மேஜையில் வைத்தேன். ஒரு சிப்பில் அந்தப் புள்ளி உருகி வழிந்திருந்தது.

பிப்ரவரி 3, வெள்ளி

இன்று ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

அவளே போன் செய்தாள்.

"சனிக்கெழம கோயமுத்தூர் வாரேனுங். என்ற மிசின எறக்கி வெச்சீங்கன்னா எடுத்துக்குவேன். இங்க கோமதி வீட்டு மாடி ரூம்பு சும்மாதான் கெடக்குது."

மாடி ரூம்புக்கு மிஷின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதனால் கோபத்தை எடுத்துக்கொண்டேன்.

"நீ சொன்னது தப்பு சம்பூர்ணம். மெமரிய மாத்தியும் ஓடல."

"எந்தச் சிப்பு போட்டீங்க?"

"பெட்டியில இருந்ததுதான்."

"போட்டதும் கொஞ்ச நேரம் ஓடீட்டு அப்பறம் நின்னுச்சுங்களா? இல்ல, ஓடவே இல்லீங்களா?"

நேரில் பார்த்த மாதிரி கேட்கிறாள்.

"ஓடவே இல்ல."

"செரிங்" என்றாள். அந்த ஒரு 'செரிங்'கில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. முப்பத்தைந்து வருஷமாக எனக்கு முடிந்ததில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

பேட்டரி வாங்கினேன். பக்கத்து மளிகைக் கடையிலேயே இருந்திருக்கிறது.

பவர் பெட்டியை மீட்டரில் வைத்தேன். ஐந்து. நான் சொன்னேன் அல்லவா? அளக்காமலே சொன்னேன், சரியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஆறரை. தலை துவட்டிக்கொண்டே பார்த்தேன். ஏழு. எட்டு. எட்டரைக்குப் போய் நின்றது.

மீட்டர் அவளுடையது, பழசு. தப்பாகக் காட்டுகிறது.

பிப்ரவரி 8, புதன்

எலக்ட்ரீஷியன் மருதாசலத்தின் மீட்டரிலும் எட்டரை.

பெட்டியில் இருந்த அத்தனை சிப்பையும் நானே இந்தப் பவர் பெட்டிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய எட்டையும் சேர்த்து. சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். சிப் நம்பரைச் சொன்னால், "சார், அது எங்கப்பா காலத்து ஐட்டம்" என்று சிரிக்கிறான். சம்பூர்ணத்துக்கு எங்கிருந்தோ வரும். எங்கிருந்து என்று நான் கேட்டுவைத்துக்கொண்டதில்லை.

ரேணுகாதேவியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அவளே முந்திக்கொண்டு, "அம்மா புதுச் சீலை எடுக்கச் சொல்லீட்டாங்க சார்" என்றாள். நல்லதும்மா என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ருக்குமணியம்மா, வீல்சேரில், மாம்பழ நிறப் பட்டுச் சேலையில். மேடையில் ஆளுயரத் திரை. மிஷினை நடுவில் வைத்து நான் பேசினேன். பேச எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எவ்வளவு பேசினாலும் ஒரு கட்டத்தில் சுவிட்சைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? போட்டேன். ஆளுயரத்துக்குக் கறுப்பு.

ஏதோ அதிசயம் நடக்கும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. மறுபடி போட்டேன். பின்னாலிருந்து பசங்கள் விசில் அடித்தார்கள். கல்லூரி சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மைக்கில் சொல்லிவிட்டேன்.

"மன்னிக்கோணும். இதப் பழுது பாத்தது என்னோட வீட்டம்மா. அவங்க சொன்ன சிப்பத்தான் போட்டேன். நானே பாத்திருக்கோணும். பொம்பளைங்க சாம்பார்ல உப்பு பாத்த மாதிரி பாத்துட்டாங்க, என்ன பண்றது?"

சிரித்தார்கள். சேர்மனும் சிரித்தார். ஹால் லேசாயிற்று. எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் பார்த்தேன். கடைசி வரிசையில் சம்பூர்ணம்.

மடியில் ஒரு மஞ்சப் பை வைத்திருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பழுதான போர்டைப் பார்ப்பாளே, எங்கே என்று தேடி, தெரிந்ததும் தலையை லேசாக ஆட்டிக்கொள்வாளே, அப்படிப் பார்த்தாள். எழுந்தாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். கையில் மைக் இருக்கும்போது நான் எப்படி ஓடுவது?

ருக்குமணியம்மா மகளிடம், "அவ்வளவுதானா?" என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது. ரேணுகாதேவி என்னைப் பார்க்காமல் வீல்சேரைத் திருப்பினாள்.

கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பையைத் திறந்தேன். உள்ளே பவர் பெட்டிக்குப் பதிலாக ஒரு புது அடாப்டர், இந்த மிஷினுக்குத் தோதாக வயர் மாற்றிச் சால்டர் வைத்தது. அதன் தலையில் மெரூன் புள்ளி. கறுப்புப் பஞ்சில் குத்திவைத்த எட்டு சிப். எட்டிலும் புள்ளி.

என்ன செய்தேன் தெரியுமா? மீட்டரை எடுத்து அவளுடைய அடாப்டரை அளந்தேன். ஜென்மத்தில் முதல் தடவையாக, செருகும் முன்னால் அளந்தேன். சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்து மறுபடியும் அளந்தேன்.

ஐந்து. அப்போதும் ஐந்து.

சிப்பை மாட்டிப் போட்டேன். ஆளுயரத்துக்கு நீலம். ருக்குமணி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். பேர் மினுங்கியது. ஹாலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஆள் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கரண்ட்ட ஆஃப் பண்ணோணுங் சார்" என்றார். ரேணுகாதேவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மிஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டித்தான் இருந்தது, இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாப்பாட்டு மேஜையில் சம்பூர்ணத்தின் மிஷின் இருந்தது. பரணில் நான் திருப்பி ஏற்றி வைத்தது. அவளே இறக்கியிருக்கிறாள். மூடி திறந்திருந்தது. திருகுகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. எட்டு சாக்கெட்டும் காலி. அதன் மேல் அவளிடம் இருந்த எங்கள் வீட்டுச் சாவி.

எடுத்துப் போக வந்தவள் எடுத்துப் போகவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் ஹாலுக்கு வந்திருக்கிறாள். பையில் இருந்த எட்டை இதில் மாட்டிக்கொண்டு, இரண்டரை மணி பஸ்ஸுக்கு ஈரோட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? ஹாலில் வந்து உட்கார்ந்தாளே, எதற்கு?

அழுகை வந்தது. அழுதேன். பிறகு கோபமும் வந்தது: இவ்வளவு தூரம் வந்தவள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஈரோட்டுக்குப் போன் செய்தேன். கோமதி எடுத்தாள். "அக்கா மேல மாடி ரூம்புல இருக்கறாங் மாமா, கூப்புடட்டுங்களா?" என்றாள். கொஞ்சம் கழித்து வந்து, "வேலையா இருக்கறாங்களாமா" என்றாள்.

பிப்ரவரி 13, திங்கள்

ரேணுகாதேவி மிஷினை எடுத்துப் போக வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன். நீலத் திரை வந்தது, அடித்ததும் அவள் அம்மா பெயர் மினுங்கியது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததுல இருந்து பேசவே இல்லீங் சார். சீலையக்கூட மாத்த மாட்டேன்னுட்டாங்க. இன்னைக்கே கொண்டு போய்க் காட்டறேனுங்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள்.

மிஷினைப் பெட்டியில் வைக்கும்போது அடாப்டரைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தச் செவப்புப் புள்ளி என்னங் சார்?"

"சோதிச்சு நல்லதுன்னு தெரிஞ்சா வெக்கற அடையாளம்மா. இத நம்பி மாட்டலாம்னு அர்த்தம்."

"நீங்க வெச்சதுங்களா?"

ஆமாம் என்றேன்.